போன் கல்லுக்குப் போய்வரும் நேரம்

“எனக்கு மூணாவது வண்டியில ஒரு சீட் வேணும், சேர்.”

கேட்டுவிட்டேன். இந்த ஒபிஸில் கேட்கவே கூடாது என்று எனக்குச் சொல்லப்பட்ட ஒரே விஷயம் அதுதான். சேர்ந்த முதல் நாளே, பக்கத்து மேசையில் வேலை செய்யும் ஹஸீப் நானா தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: “லீவு கேளு, புது லெப்டொப் கேளு, ஏசியக் கூட்டச் சொல்லிக் கேளு. ஃபீல்டுக்குப் போற வண்டியில மட்டும் எடம் கேக்க வாணாம் புள்ள. கேட்டா ஒன்ட ஃபைல எடுப்பாங்க. எடுத்தா திருப்பி வெக்க மாட்டாங்க.”

ஒன்றரை வருடம் கேட்காமல் இருந்தேன். வண்டிகள் மலைக்குப் போன ஒவ்வொரு தடவையும் மாடி ஜன்னலில் நின்று அவை கேற்றைத் தாண்டுவதைப் பார்த்தேன். அந்த வண்டிகளுக்குள் ஓடும் மென்பொருளில் பாதிக்கு மேல் நான் எழுதியது. அதை எழுதிய ஆள் இன்னார் என்று எந்தக் காகிதத்திலும் கிடையாது.

மேஜர் ஏக்கநாயக்க தலையை நிமிர்த்தினார். படையிலிருந்து ஓய்வு பெற்று இந்தக் கம்பனியைத் தொடங்கியவர். மாத்தளைக்குப் பக்கத்தில், அலுவிகாரையில், ஏ-ஒன்பது வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஒரு ஹாட்வெயார் கடைக்குப் பின்னால் இரண்டு மாடி வீடு. வாசலில் பெயர்ப்பலகை இல்லை.

“எதுக்கு?” என்றார் சிங்களத்தில். ஒபிஸில் அவருக்கு ஆங்கிலம்; எரிச்சல் வந்தால் சிங்களம்.

“மூணாவது வண்டியோட பதிவுல ஒண்ணு சரியில்ல. நேர்ல பார்க்கணும்.”

“என்ன சரியில்ல?”

“பார்த்துட்டுச் சொல்றேன்.”

“அனுஷியா, நீ இங்க இருந்து செய்ற வேலைதான் எங்களுக்குப் பெறுமதி,” என்று சொல்லிவிட்டு மறுபடி காகிதத்துக்குள் குனிந்தார். பெறுமதியான சாமானைப் பூட்டித்தான் வைப்பார்கள். நான் என் மேசைக்குத் திரும்பினேன். ஹஸீப் நானா என்னைப் பார்க்கவில்லை. தன் மூக்குக்கண்ணாடியில் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போர்க்களத்தில் போன் கோபுரம் இருக்காது. இருந்தாலும் முதலில் விழுவது அதுதான். அதனால் ஒவ்வொரு வண்டியும் தானே ஒரு கோபுரமாக வேண்டும். கூரையில் மடக்கி விரிக்கிற கம்பம், உள்ளே ரேடியோ, ஒரு கணினி. வண்டிகள் இடம் மாற மாற ஒன்றையொன்று தேடிக்கொள்ளும். முதல் வண்டிக்கு மூன்றாவது எட்டாவிட்டால் செய்தி இரண்டாவது வழியாகப் போகும். எந்த வழி என்று முடிவெடுப்பது என் மென்பொருள். படைக்கு இதைச் செய்து கொடுக்கும் ஒப்பந்தம் எங்கள் சின்ன ஒபிஸுக்குக் கிடைத்திருந்தது.

கெம்பஸில் என்னோடு படித்த தர்சன், கிளிநொச்சிப் பொடியன், போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: “நீ ஆருக்கு றேடியோ செய்யிறாய் எண்டு தெரிஞ்சுதான் செய்யிறியோ?” தெரிந்துதான் என்றேன். பிறகு அவன் எடுக்கவில்லை. முப்பத்தேழு இடத்துக்கு விண்ணப்பம் போட்டேன், கூப்பிட்டது இது ஒன்றுதான் என்று அவனிடம் சொல்லவில்லை. சொன்னாலும் அது பதில் ஆகாது. இன்னொரு காரணமும் இருந்தது. போன கார்த்திகை மழையில் எங்கள் தோட்டத்தில், கீழ் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மலை இறங்கியது. கோபுரங்கள் செத்து மூன்று நாள் ஒருவருக்கும் போன் இல்லை. உதவிக்கு வந்த ஆமி வண்டி எங்கள் வளைவில் நின்று ரேடியோவில் கத்தியது, டவுனுக்குக் கேட்கவில்லை. கடைசியில் ஒரு சிப்பாய் ஒன்பது கிலோமீற்றர் ஓடிப்போய் மண் அள்ளும் மெஷினைக் கூட்டிவந்தார். நாலு பேரை உயிரோடு எடுத்தார்கள். அதற்குப் பிறகு நான் அந்த மென்பொருளைச் சம்பளத்துக்காக மட்டும் எழுதவில்லை.

பரீட்சைக்கு மூன்று வண்டிகள். முதலாவது எங்கள் ஒபிஸ் முற்றத்தில். இரண்டாவது எல்கடுவ ரோட்டில் ஒரு வளைவில். மூன்றாவது மலைக்கு அந்தப் பக்கம், ஒரு தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷனின் பிரட்டுக்களத்தில். விடியக்காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்பும் திடல் அது. நான் பிறந்தது அந்தத் தோட்டத்தில். மேஜர் அதைக் கேட்டதில்லை. என் ஃபைலில் விலாசம் இருக்கிறது, யாரும் வாசித்திருக்க மாட்டார்கள்.

மணிக்கொரு தடவை முதல் வண்டியிலிருந்து மூன்றாவதுக்கு மூன்று எண்கள் கொண்ட ஒரு செய்தி போகும். ரேடியோச் செய்தி வந்தால் இரண்டு செக்கனில் வரும். வராவிட்டால் வராது. நடுவில் ஒன்றும் இல்லை. ஆனால் மூன்றாவது வண்டியிலிருந்து ரோட்டால் கொண்டுவந்த பதிவில் எட்டு மணிச் செய்தி எட்டுப் பதினாறுக்குக் கிடைத்திருந்தது. ஒன்பது மணிச் செய்தி ஒன்பது பதினாறுக்கு. பத்து மணியுடையது பத்துப் பதினேழுக்கு. பின்னேரம் மழை பெய்த நாட்களில் இருபத்தொன்று, இருபத்திரண்டு.

ரேடியோவுக்கு மழையில் வழுக்காது.

அந்தப் பதினாறு நிமிடத்தை என் கால்களுக்குத் தெரியும். எங்கள் மேல் டிவிஷனில் எந்தக் கம்பனி போனும் வேலை செய்யாது. பிரட்டுக்களத்துக்குக் கீழே, தேயிலைக்கு நடுவில் ஒரு பாறை இருக்கிறது. அதன்மேல் ஏறி நின்றால் மட்டும் இரண்டு கோடு சிக்னல் விழும். நாங்கள் அதைப் போன் கல்லு என்போம். கொரோனாக் காலத்தில் கெம்பஸ் பாடங்கள் முழுக்க நான் குடை பிடித்துக்கொண்டு கேட்டது அதன்மேல் உட்கார்ந்துதான். இறங்க ஆறு நிமிடம், ஏற எட்டு. பேச இரண்டு.

செவ்வாய்க்கிழமை காலை மேஜரே என் மேசைக்கு வந்தார்.

“உனக்குத் தமிழ் தெரியும்தானே?”

தெரியும் என்றேன்.

தோட்டத்து ஆட்கள் மூன்றாவது வண்டியைச் சுற்றி நிற்கிறார்களாம், வேலைக்கு இறங்க மாட்டோம் என்கிறார்களாம், தோட்ட மெனேஜர் துரை போன் பண்ணி ஏசுகிறாராம். என்ன பிரச்சினை என்று அங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை. அரை மணித்தியாலத்தில் என் கழுத்தில் ஒரு அட்டை தொங்கியது. அதில் என் பெயர், கீழே ‘மொழிபெயர்ப்பாளர்’. நாலு வருடம் பொறியியல் படித்து, இரண்டாம் வகுப்பு மேல் பிரிவில் வந்து, நானே செய்த சாமானைப் பார்க்கப் போவதற்கு எனக்கு இதுதான் தகுதி. லெப்டொப்பையும் பைக்குள் போட்டுக்கொண்டேன். மொழிபெயர்ப்பாளருக்கு அது எதற்கென்று ஒருவரும் கேட்கவில்லை.

வண்டி பிரட்டுக்களத்தில் போய் நின்றபோது முப்பது நாற்பது பேர் கூடியிருந்தார்கள். எல்லாருக்கும் முன்னால், தலையில் கொழுந்துக்கூடைக் கயிற்றோடு நின்று ஏசிக்கொண்டிருந்தது என் அம்மா நல்லம்மா.

“இந்தா, பேசுறதுக்கு ஆளு வந்திருச்சு,” என்று யாரோ சொல்ல, அம்மா திரும்பினாள்.

“நீயா? ஒன்னையா அனுப்பிச்சாங்க?”

“ஆமா.”

அட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். “மொழி… பெயர்ப்பு… இஞ்சினியர்னுல்ல சொன்ன?”

“இன்னைக்கு இது.”

“அப்ப இன்னைக்கு இதச் சொல்லு அவங்ககிட்ட. முனியாண்டி மேல கயித்தப் போட்டு மாடு கட்டுற மாதிரி கட்டி வச்சிருக்காங்க. அவுக்காம ஒருத்தரும் கொழுந்துக்குப் போக மாட்டோம். தொரை வந்தாலும் சரி, தொரையோட அப்பன் வந்தாலும் சரி.”

பார்த்தேன். வண்டிக் கம்பம் காற்றில் ஆடாமல் இருக்க நாலு பக்கமும் இரும்புக் கயிறு இழுத்துக் கட்ட வேண்டும். மூன்று கயிற்றுக்கு முளை அடித்திருந்தார்கள். நாலாவதை, திடலின் ஓரத்தில் மஞ்சள் பூசி நின்ற கல்லில் சுற்றியிருந்தார்கள். சூலம் கயிற்றுக்குள் சாய்ந்து கிடந்தது.

வண்டிக்குப் பொறுப்பான கோப்ரல் தென்னகோன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். நாற்பது வயதிருக்கும். கணுக்காலெல்லாம் அட்டை கடித்த தழும்பு. “பலமான கல்லுன்னுதான் பார்த்தோம், மிஸ். சாமின்னு தெரியாது. அவங்க கத்துறது மட்டும் விளங்குது,” என்றார் சிங்களத்தில். சொன்னதை நான் தமிழில் சொன்னேன்.

“பலமான சாமிதான். அதுல தப்பில்ல,” என்றாள் பக்கத்து லயத்துக் கிருஷ்ணம்மா. கூட்டத்தில் பாதி சிரித்துவிட்டது. கயிற்றைப் பிரட்டுக் கொட்டகையின் கொங்கிறீட் தூணுக்கு மாற்றினார்கள். ஒரு சூடம் கொளுத்தச் சொன்னார்கள்; தென்னகோன் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கொளுத்தினார். எல்லாம் கால் மணித்தியாலம். இதற்கு ஒரு பட்டதாரி தேவையில்லை, முதல் நாளே ஒரு ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

கலைந்து போகும்போது அம்மா என் காதுக்குள் சொன்னாள்: “நல்ல மனுசன் மாதிரித்தான் இருக்காரு. ஆனா யாரோ பொம்பளகிட்ட மாட்டிக்கிட்டாரு போல. மணிக்கொருக்கா போன் கல்லுக்கு ஓடுறாரு.”

“நேத்து மழையில வழுக்கி விழுந்தாரு,” என்றாள் கிருஷ்ணம்மா. “அப்பயும் போன விடல. அம்புட்டு லவ்வு.”

நான் சிரிக்கவில்லை.

வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தேன். தென்னகோன் விலகி இடம் விட்டார். மொழிபெயர்ப்பாளர் களைத்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார். திரையில் இரண்டாவது வண்டி இருக்க வேண்டிய இடம் சாம்பல் நிறத்தில் கிடந்தது. தொடர்பு இல்லை. அந்தச் சாம்பல் நிறத்தைத் தெரிவு செய்ததும் நான்தான். பத்து மணி ஆனது. ஒன்றும் வரவில்லை. தென்னகோன் தொப்பியைப் போட்டுக்கொண்டு இறங்கினார். நானும் பின்னால் இறங்கினேன்.

பாறைக்கு மேலே ஏறியதும் அவருடைய போன் அடித்தது. நான் கையை நீட்டினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏன் என்று கேட்காமல் தந்துவிட்டார்.

“தென்னகோன், எழுதிக்கங்க. இருபத்தேழு, நாப்பது, பதிமூணு.” சிங்களத்தில், கடையில் சாமான் பெயர் சொல்வது போல அமைதியாக. அது ஹஸீப் நானாவின் குரல். “ஹலோ? கேக்குதா?”

“கேக்குது நானா.”

“நீ எப்பிடி அங்க…” என்றார் தமிழில்.

“ட்ரான்ஸ்லேட் பண்ண வந்தேன். நம்பரத் திருப்பிச் சொல்லுங்க.”

சொன்னார். கேட்பது நான் என்று தெரிந்தும் சொன்னதுதான் என்னை ஆகவும் சோர வைத்தது. திருப்பிச் சொன்னார்.

மேலே ஏறும்போது தென்னகோனே பேசினார். மூச்சு வாங்கியது அவருக்கு. “உங்க ஒபிஸ்லேருந்துதான் சொன்னாங்க மிஸ். ரேடியோ வராட்டி போன்ல நம்பர் தருவோம், பதிஞ்சு விடுங்கன்னு. பதியாட்டி இந்த இடம் பழுதுன்னு வரும். அப்புறம் இன்னும் ஒரு மாசம் இங்கயே. அட்டைக்கு இரத்தம் கொடுத்துட்டு.”

“இது பொய்ன்னு தெரியாதா?”

“பரீட்சைதானே.” ஒரு தேயிலைச் செடியைப் பிடித்து மேலே ஏறினார். “சண்டைக் காலத்துல எனக்கு இருபத்திரண்டு வயசு. ‘கிடைச்சுது’ன்னு ஒரு சத்தம் ரேடியோவுல கேட்டாப் போதும், நம்பி உட்கார்ந்திருப்போம். அது வேற. இது பரீட்சைதானே, மிஸ்.”

அந்தப் பொய்க்கு வழி செய்து கொடுத்தது நான். செய்தி ரேடியோவில் வராமல் ஆள் மூலமோ போன் மூலமோ வந்தால் அதையும் கையால் பதிய ஒரு இடம் வேண்டும், அப்போதுதான் கணக்குத் தவறாது என்று போன வருடம் கேட்டார்கள். நியாயமாகப் பட்டது. செய்து கொடுத்தேன். ரேடியோவில் வந்ததையும் கையால் பதிந்ததையும் அட்டவணையில் ஒரே நிரலில் கூட்டினேன். வித்தியாசம் காட்டத் தோன்றவில்லை. வராத செய்தியை வந்ததாகப் பதிய ஒரு மனுஷன் வழுக்கு மலையில் நாளைக்குப் பத்துத் தடவை ஏறி இறங்குவான் என்று கெம்பஸில் யாரும் படிப்பிக்கவில்லை.

புதன்கிழமை ஹஸீப் நானா எனக்கு முன்னாலேயே வந்து தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தார்.

“வண்டியில எடம் கேக்க வாணாம்னு சொன்னது எனக்காகவா, ஒங்களுக்காகவா?”

“ரெண்டுக்கும் புள்ள.” மறைக்கவில்லை அவர். “மொதல்ல ஒனக்காகத்தான் சொன்னேன். பொறகுதான் மத்தது. எனக்கு நாப்பத்தெட்டு வயசு. மாத்தளையில இந்த வேலைக்கு இன்னொரு ஒபிஸ் ஈக்கா? நீ சின்னவ. கொழும்புக்குப் போவ, வெளிநாட்டுக்குப் போவ. நான் எங்க போற?”

“நாலாவது வண்டி ஒண்ண மலை உச்சியில நிப்பாட்டினா எல்லாம் சரியாகும். அதச் சொல்ல ஒங்களுக்கு வாய் இல்லையா?”

“சொன்னேன். ஒப்பந்தத்துல மூணுன்னு ஈக்குன்னாரு மேஜர். ரெண்டாந்தரம் நான் சொல்லல.”

தேத்தண்ணியைக் குடித்தேன். கோபத்தில் தட்டிவிட வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் நல்ல சாயமாக ஊற்றியிருந்தார், எனக்கும் தலை வலித்தது.

மேஜர் என்னைக் கோபிக்கவில்லை. கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார். எல்லாம் தெரிந்திருந்தது அவருக்கு.

“வெள்ளிக்கிழமை பரிசோதனைக் குழு மேலே போகுது. நேரே மூணாவது வண்டியிலேயே உட்கார்ந்து பார்ப்பாங்க. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு என்று காட்டினால், அன்றைக்கு ஒன்றிரண்டு வராவிட்டாலும் ஏற்றுக்கொள்வாங்க. முதல்ல ஏற்றுக்கொள்ளட்டும். பிறகு நாலாவது வண்டி நாமே கேட்போம். எல்லாரும் இப்படித்தான் செய்றாங்க, அனுஷியா.”

“அதுக்கு நடுவுல யாராவது இத நம்பி ஒரு இடத்துல உட்கார்ந்திருந்தா?”

“நடுவில் சண்டை வராது.”

“சண்டை வராது சேர். மழை வரும்.”

அவர் ஒரு காகிதத்தை என் பக்கம் திருப்பினார். இறுதி அறிக்கையின் கடைசிப் பக்கம். ‘மென்பொருளை உருவாக்கிச் சரிபார்த்தவர்’ என்று ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே என் பெயர், முதலெழுத்தோடு, பட்டத்தோடு, ஒரு பிழையும் இல்லாமல்.

“உன் பெயர் இதில் வர வேண்டியதுதான். இவ்வளவு நாளும் போடாதது என் பிழை,” என்றார். உண்மையாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். “வெள்ளிக்கிழமை காலையில் கையெழுத்துப் போடு.”

ஒன்றரை வருடமாக நான் பார்க்க ஆசைப்பட்டது அந்த ஒரு வரியை. எங்கள் லயத்தில் அரசாங்கக் காகிதத்தில் பெயர் அச்சாவது பிறப்பில் ஒரு தடவை, இறப்பில் ஒரு தடவை. நடுவில் வாக்காளர் இடாப்பு. இதைப் பிரதி எடுத்து அம்மாவிடம் கொடுத்தால் கண்ணாடி போட்டு மாட்டுவாள். அதை எனக்குப் பொய்யோடு சேர்த்துத் தந்தார்கள். வாங்கித் திருப்பிப் பார்த்தேன். யோசிக்கிறேன் என்றேன்.

அன்று பின்னேரம் வரை இருந்து ஒரு மாற்றம் செய்தேன். பெரிய வேலை இல்லை, முப்பது வரி. ஒரு நிரலை இரண்டாக்கினேன். ஒன்றுக்குத் தலைப்பு ‘ரேடியோ வழி வந்தது’. மற்றதற்கு ‘கையால் பதிந்தது’. தொண்ணூற்றாறு என்று காட்டிய எண் மூன்றாவது வண்டிக்கு இப்படிப் பிரிந்தது: ரேடியோ வழி, மூன்று. கையால், தொண்ணூற்று மூன்று. அந்த மூன்றும் எப்படி வந்ததென்றுகூட எனக்கு விளங்கவில்லை. ஒருவேளை வண்டி மேலே ஏறிக்கொண்டிருந்த நேரமாக இருக்கும்.

வியாழக்கிழமை மறுபடி மலைக்கு அனுப்பினார்கள். குழு வரும்போது ஆட்கள் பிரச்சினை பண்ணாமல் பேசிவைக்க வேண்டுமாம். மொழிபெயர்ப்பாளர் அட்டையோடு போனேன். வண்டிக்குள் தென்னகோன் பக்கத்தில் இருக்க, லெப்டொப்பை வயரில் மாட்டிப் புதியதை ஏற்றினேன். என்ன செய்கிறேன் என்று மறைக்காமல் சொன்னேன்.

“உங்களுக்கு ஏச்சு விழும்,” என்றேன்.

“விழட்டும்.” காலை நீட்டி முழங்காலைத் தடவினார். “நாளைக்குக் குழுவுக்கு முன்னால நான் எப்படியும் கல்லுக்குப் போக முடியாது மிஸ். அப்ப திரை சும்மாதானே இருக்கப் போகுது. சும்மா இருக்கிறது ஏன்னு எழுதியிருந்தா எனக்கு நல்லது.” பிறகு கேட்டார்: “இனிமேல் நடக்க வேண்டாமா?”

“வேண்டாம்.”

“புத்தரே,” என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

இறங்கி வரும்போது அம்மா கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்துகொண்டிருந்தாள். இரண்டு பேரும் ரோட்டோரத்துச் சிமெந்துக் கட்டின்மேல் உட்கார்ந்தோம். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாதி விளங்கியிருக்கும். விளங்க வேண்டியது விளங்கியது.

“அன்னைக்கு மண்ணு சரிஞ்சப்ப ஓடுனானே ஒரு பொடியன்,” என்றாள்.

“அந்த ரேடியோ அன்னைக்குக் கேட்டுச்சுன்னு பொய் சொல்லியிருந்தா அந்தப் பொடியன் ஓடியிருக்க மாட்டான்மா. மெஷின் வருதுன்னு நெனச்சு நின்னிருப்பான்.”

அம்மா கையிலிருந்த கொழுந்துக் கறையைச் சேலையில் தேய்த்தாள். அது போகாது, அவளுக்கும் தெரியும்.

“அப்ப வேல போயிருமா?”

“போகும்.”

“ம்.” கூடைக் கயிற்றைச் சரிசெய்துகொண்டு, “அப்ப நாளைக்கு ஒனக்கும் சேத்து ஒல வைக்கவா?”

“வைங்க.”

வெள்ளிக்கிழமை ஒன்பது நாற்பதுக்கு மேஜர் கூப்பிட்டார். குழு எட்டு மணிக்கே மேலே போய்விட்டது. பத்து மணிச் செய்தியை இங்கிருந்து அவரே அனுப்புவதாக ஏற்பாடு. மேசையில் அறிக்கை. அதன்மேல் பேனா, மூடி கழற்றி. ஹஸீப் நானா சுவரோரமாக நின்றார்.

“கையெழுத்துப் போட முடியாது, சேர்.”

“அனுஷியா—”

“இன்னொண்ணும் சொல்லணும். மூணாவது வண்டித் திரையில இப்ப ரெண்டு நிரல் இருக்கு. ரேடியோவுல வந்தது தனி, கையால பதிஞ்சது தனி. இந்த மூணு வாரத்துக்கும் இருக்கு. நேத்து நான்தான் ஏத்தினேன்.”

அவர் சிங்களத்துக்கு மாறினார். கத்தவில்லை. பல்லுக்குள் பேசினார். “உடனே பழையதை அனுப்பு. இங்கேருந்தே. இப்பவே.”

“அனுப்ப முடியாது.”

“நான் சொல்றேன், அனுப்பு.”

“அனுப்பலாம் சேர், ஆனா போய்ச் சேராது. மூணாவது வண்டிக்கு இணைப்பு இல்ல.”

ஹஸீப் நானாவின் கை அவரை அறியாமல் சட்டைப்பையிலிருந்த போனுக்குப் போனது. பாதியில் நின்றது. போன் கல்லில் இன்று ஒருவரும் நிற்க மாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும். ரோட்டால் ஆள் அனுப்பினால் ஒன்றரை மணித்தியாலம். சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது நாற்பத்தாறு.

“உன்னைப் போல ஒரு பிள்ளைக்கு இந்த இடத்தைக் கொடுத்தது நான்,” என்றார் மேஜர்.

உன்னைப் போல என்றால் என்ன என்று கேட்டிருக்கலாம். இரண்டு வருடத்துக்கு முந்திய நான் கேட்டிருப்பேன். பதில் எனக்குத் தெரிந்த பதில்தான், அவர் வாயால் கேட்டு ஒன்றும் ஆகப் போவதில்லை. “ராஜினாமாக் கடிதம் மெயில்ல இருக்கு. நேத்துப் பின்னேரமே அனுப்பிட்டேன்,” என்றேன். அறிக்கையின் கடைசிப் பக்கத்தை எடுத்து என் பெயரை ஒரு தடவை வாசித்தேன். திரும்ப அதே இடத்தில் வைத்தேன்.

படியில் ஹஸீப் நானா பின்னால் வந்தார். “புள்ள,” என்றார். “தேத்தண்ணிக் கோப்பையக் கழுவி வச்சிருக்கேன் நானா,” என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

முற்றத்தில் முதல் வண்டி கம்பத்தை விரித்துக்கொண்டு நின்றது. கதவு திறந்திருந்தது. திரையில் இரண்டாவது வண்டி பச்சையாகவும் மூன்றாவது சாம்பலாகவும் இருந்தன. கேற்றில் காவலாளி புத்தகத்தை நீட்டினார். வெளியே போகும் நேரத்தை எழுதினேன்.

“திரும்பி வாற நேரம், மிஸ்?”

“அத எழுதல,” என்றேன். வீட்டுக்கு ஏறும் எல்கடுவ பஸ்ஸைப் பிடிக்க டவுனுக்குப் போக வேண்டும். வீதியைக் கடந்து மற்றப் பக்கம் போய் நின்றேன்.